புரொஜெக்டருக்கு மின்சாரம்

வெளி மாநிலம் ஒன்றில் நூறு தமிழ்க் குடும்பங்கள் கூடி வாழத் தலைப்பட்டால், அங்கே முதலில் ஒரு கோயில் எழும். பிறகு ஒரு சங்கம் எழும். சில ஆண்டுகளில் அச்சங்கத்துக்கென ஓர் அரங்கமும் எழும். நேயர்கள் யாவரும் தத்தம் ஊரில் கண்டறிந்த செய்தியே இது. மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் அருகே, அரோரா கொட்டகையில் தமிழ்ப்படம் பார்ப்பதற்கென்றே தொலைவிலிருந்து ரயிலேறி வந்த தலைமுறை ஒன்று உண்டு. இன்றோ சங்கமே தன் அரங்கில் திரை கட்டி, டிஜிட்டல் சினிமா புரொஜெக்டர் ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ கொணர்ந்து நிறுத்த முற்படுகிறது. பெரிய கொட்டகைகள் லேசர் ஒளிக்கு மாறும்போது கழித்துவிடும் செனான் விளக்குக் கருவிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணம்.

இத்தகைய முயற்சிகளில் செயற்குழு கூடிப் பேசுவதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். திரையின் அகலம் பற்றி ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் தோன்றும். நாற்காலிக்கு நன்கொடை யார் தருவது என்பதில் நள்ளிரவு வந்துவிடும். மின்சாரத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் மட்டும், 'அதற்கென்ன, பக்கத்துச் சுவரிலேயே பிளக் பாயிண்டு இருக்கிறது' என்ற ஒரே வாக்கியத்தோடு அந்தப் பொருள் முடிந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ள அபாயங்களைச் சற்று விரித்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

படம் காட்டும் அறையைக் கற்சுவர் எழுப்பித் தனியே அடைக்க வேண்டும், ஒளி செல்லும் துவாரத்துக்கு இரும்புக் கதவு இடவேண்டும் என்றெல்லாம் முற்காலத்தில் விதிகள் வகுத்தமைக்குக் காரணம் மின்சாரம் அன்று, படச்சுருளே. நைட்ரேட் படச்சுருள் தீப்பற்றினால் தண்ணீரில் மூழ்கச் செய்தாலும் அணையாது. 1950களின் தொடக்கத்தில் அச்சுருள் வழக்கொழிந்தது. பிறகு வந்த எளிதில் தீப்பற்றாத சுருளும் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. படம் இப்பொழுது ஒரு வன்தட்டுப் பெட்டியில் அடங்கி வருகிறது. எனவே அபாயம் நீங்கிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். எரியக்கூடிய சுருள் போயிற்று என்பது மெய். ஆனால் அவ்வறையில் பாயும் மின்விசை குறையவில்லை.

எவ்வளவு பாய்கிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் வீடுகளிலுள்ள பெரிய பிளக் பாயிண்டு 16 ஆம்பியருக்கு மேல் தாங்காது. 230 வோல்ட்டில் அது 3,680 வாட் ஆகிறது. நடுத்தர அரங்குக்குரிய செனான் கருவியோ, விளக்கும் விசிறிகளும் மின்னணுப் பகுதியும் சேர்ந்து, 4 கிலோவாட்டுக்கு மேல் எளிதில் இழுக்கும். 6 கிலோவாட் இழுக்கும் கருவியை ஒரே பேஸில் பூட்டினால் 26 ஆம்பியர் பாயும். ஆதலின் பெரிய கருவிகள் பலவற்றை மூன்று பேஸ் மின்சாரத்துக்கென்றே அமைக்கின்றனர். மூன்றாகப் பகிர்ந்தால் அதே 6 கிலோவாட்டுக்குப் பேஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 9 ஆம்பியரே வரும். லேசர் கருவிகள் அதே அளவு வெளிச்சத்துக்குக் குறைந்த மின்சாரமே எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. எனினும் கருவியின் முதுகில் பதித்துள்ள தகட்டைப் படித்து அளவு தெரிந்துகொள்ளாமல், 'லேசர்தானே' என்று துணிவது தகாது. கருவிக்கென்று மின்பலகையிலிருந்து தனிக் கேபிள் ஒன்று வரவேண்டும். அதில் வேறு எதையும் பூட்டலாகாது. திருமணத்துக்குச் சீரியல் விளக்குப் போட்ட நீட்டுக் கம்பியை இதற்கு எடுப்பது அறவே கூடாது.

அளவான கேபிள் வந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அந்தக் கேபிளின் முனை எங்ஙனம் பொருந்தியிருக்கிறது என்பது. கம்பியும் திருகும் சேரும் இடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே ஒரு சிறு தடை தோன்றும். அது ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்காக இருந்தாலும், 26 ஆம்பியர் பாயும்போது அவ்விடத்தில் ஏறத்தாழ 68 வாட் வெப்பம் பிறக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஒரு மணி நேரம் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தவர்கள் அதன் சூட்டை அறிவார்கள். அந்தச் சூடு முழுவதும் கடுகளவு இடத்தில், மூடிய பெட்டிக்குள், படம் ஓடும் இரண்டரை மணி நேரமும் குவிந்துகொண்டே இருக்கும். பியூஸ் இதை அறியாது. ஏனெனில் மின்னோட்டம் கூடவில்லை. ஓரிடம் சுடுகிறது, அவ்வளவே.

தளர்ந்த இணைப்பு என்பது சிறிய விஷயமன்று என்பதற்குத் தில்லி நகரமே சான்று. 1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் தேதி, தெற்குத் தில்லி கிரீன் பார்க்கிலுள்ள உபகார் கொட்டகையில் 59 பேர் மாண்டனர். கட்டடத்தின் தரைத்தளத்தில், மோட்டார் வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டி, மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் இருந்தது. அன்று காலையிலேயே அதில் ஒருமுறை தீப்பிடித்து அணைந்தது. கேபிளின் நுனியிலுள்ள சாக்கெட் கருகியிருக்கவே, அதை மாற்றினர். மாற்றும்போது அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தி இறுக்கவில்லை. சுத்தியலால் அடித்துப் பொருத்தினர். மாலை சுமார் ஐந்து மணிக்கு அந்த இணைப்பு நழுவியது. பொறி பறந்தது. டிரான்ஸ்பார்மரின் குளிர்விக்கும் தகட்டில் துளை விழுந்து எண்ணெய் ஒழுகித் தீப்பற்றியது. கீழே நின்ற வண்டிகள் எரிந்தன. மேல்மாடத்தில் அமர்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் தீ செல்லவில்லை. புகைதான் படிக்கட்டு வழியே ஏறியது. அதிகமாகப் போட்ட இருக்கைகள் மாடத்தில் வெளியேறும் வழி ஒன்றை அடைத்திருந்தன. மாண்டவர்களுள் பெரும்பாலோர் மூச்சு முட்டி இறந்தவர்களே.

அந்த வழக்கில் யார் எவ்வளவு குற்றவாளி என்பது நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த செய்தி. அதனுள் நாம் புகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. காலையில் செய்த ஒரு பழுதுநீக்கம் பகல் முழுவதும் நன்றாகவே நடந்தது. விளக்குகள் எரிந்தன, படம் ஓடியது. மின் இணைப்புச் சரியாக இருக்கிறது என்பதற்கு, கருவி ஓடுகிறது என்பது ஒருநாளும் சான்றாகாது. புதிதாகப் பூட்டிய இணைப்பை முதல் காட்சிக்குப் பின் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, அதன் திருகுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது நல்ல மின்பணியாளர்களின் வழக்கம். அவர் திரும்பவும் வருவதற்கு ஒரு கூலி கேட்டால் முகஞ்சுளிக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

இனி எர்த்துக்கு வருவோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் நெடுநாளாக ஒரு தொல்லை. நிலத்தொடர்பு என்பாரும் உண்டு, புவித்தொடுப்பு என்பாரும் உண்டு. நல்ல சொற்களே. ஆனால் ஏணிமேல் நிற்கும் மனிதர், அவர் தமிழராயினும் பஞ்சாபியராயினும் வங்காளியராயினும், எர்த்து என்றால்தான் திரும்பிப் பார்க்கிறார். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அவர் சொல்லே நம் சொல்லாக இருக்கட்டும்.

வடக்கேயுள்ள ஒரு நகரத்தில், பெயர் வேண்டா, ஒரு விழாவுக்கு வாடகைக் கருவி வந்திருந்தது. அதன் பிளக்கின் மூன்றாம் முள் சுவரிலிருந்த துளையில் நுழையவில்லையென்று யாரோ அதை ஒடித்துவிட்டிருந்தனர். ஒரு கையால் கருவியின் உலோக உடலையும் மறு கையால் மாடத்தின் இரும்புக் கம்பியையும் தொட்ட தொண்டர் ஒருவர் கையை உதறிக்கொண்டு விலகினார். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் நிற்பதற்கு ஒரு பலகையும் அதன்மேல் ரப்பர் விரிப்பும் போட்டார்கள். விழா நடந்தது. மறுநாள் பார்த்தபோது சுவரிலிருந்த பாயிண்டிலும் எர்த்துக் கம்பி பெட்டிக்குள் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. எதனுடனும் அது இணையவில்லை. முள் இருந்திருந்தாலும் பயனில்லை.

எர்த்துக் கம்பியின் வேலை யாது? உள்ளே மின்னேறிய கம்பி அறுந்து கருவியின் உடலைத் தொட்டால், அந்த மின்சாரம் மனிதர் உடல் வழியே செல்லாமல் தன் வழியே விரைந்து செல்ல இடங்கொடுப்பதும், அவ்வாறு விரைந்து சென்று எம்.சி.பி.யை விழச் செய்வதுமாகும். இங்கே பலரும் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. அரங்கின் பின்புறத்தில் ஒரு குழாயைப் புதைத்து, கரியும் உப்பும் இட்டு, 'எர்த்துப் போட்டாயிற்று' என்று கணக்கெழுதிவிடுகிறோம். அக்குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள தடை 5 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டை 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர்தான் பாயும். கருவிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால், 46 ஆம்பியருக்கு அது உடனே விழாது. ஒரு மணி நேரம்கூட விழாமல் நிற்க இடமுண்டு. அவ்வளவு நேரமும் கருவியின் உடல் மின்னேறியே நிற்கும். ஆதலால்தான் எம்.சி.பி.யோடு ஆர்.சி.சி.பி. என்னும் மற்றொரு காவலும் வேண்டும் என்கிறோம். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இல்லையென்றால், ஆம்பியர் கணக்கில் மிகச் சிறிய வேறுபாட்டுக்கே அது விழுந்துவிடும். மனித உயிரைக் காப்பதற்கு வழக்கமாகக் கொள்ளும் அளவு 30 மில்லி ஆம்பியர்.

புரொஜெக்டர் போன்ற கருவிகளில் பழுதில்லாத போதே சிறிது மின்சாரம் எர்த்துக்குக் கசிவதுண்டு, அதனால் ஆர்.சி.சி.பி. காரணமின்றி விழுவதுபோல் தோன்றும். படம் நடுவில் நின்றால் கூட்டம் கூச்சலிடும். உடனே ஒருவர் எழுந்து அதைக் கழற்றி நேரே பூட்டிவிடுவார். இதைக் காட்டிலும் கொடிய உதவி வேறொன்றில்லை. கருவியின் கையேட்டில் கசிவின் அளவு இருக்கும். அதைப் பார்த்துத் தக்க ஆர்.சி.சி.பி.யைத் தேர்ந்தெடுப்பதும், கருவிக்கெனத் தனித் தடம் அமைப்பதும் மின்பணியாளரின் கடமை. அத்தகைய கருவிகளில் எர்த்தை முதலில் பூட்டவேண்டும், கடைசியில் கழற்றவேண்டும். பெட்டிக்குள் எர்த்துக் கம்பியை மற்றவற்றைவிடச் சிறிது நீளமாக விட்டுப் பூட்டுவது அறிந்தோர் செயல். கேபிளை யாரேனும் இடறி இழுத்தாலும் அது கடைசியாகத்தான் பிடுங்கும்.

எர்த்துக்கு இவ்வளவு நேரம் கொடுத்த நாம், நியூட்ரலுக்கு இதைவிட அதிக நேரம் கொடுத்தாலும் தகும். வட மாநிலங்களில் பேஸ் கம்பியை 'கரம் தார்' என்றும் நியூட்ரலை 'டண்டா தார்' என்றும் பேச்சு வழக்கில் சொல்வதுண்டு. சூடான கம்பி, குளிர்ந்த கம்பி என்று பொருள். அழகிய பெயர்களே, ஆனால் குளிர்ந்தது என்ற பெயரே அதனிடம் ஓர் அலட்சியத்தை உண்டாக்கிவிடுகிறது. மூன்று பேஸ் அரங்கில் நியூட்ரல் ஒன்று மட்டும் அறுந்துவிட்டது என்று கொள்வோம். ஒரு பேஸில் 1,000 வாட் அளவுக்கு மின்விசிறிகளும் விளக்குகளும் ஓடுகின்றன. இன்னொரு பேஸில் 200 வாட் அளவுக்குப் புரொஜெக்டரின் மின்னணுப் பகுதி ஓடுகிறது. மூன்றாம் பேஸில் அச்சமயம் எதுவும் இல்லை. திரும்பும் வழி இல்லாததால் இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, பேஸுக்கும் பேஸுக்கும் இடையிலுள்ள 400 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். பங்கீடு சமமாக நடக்காது. குறைவாக இழுப்பதற்கே அதிக வோல்ட்டு வந்து சேரும். விசிறிகள் மந்தமாகச் சுழல, மின்னணுப் பகுதியின்மேல் 333 வோல்ட்டு விழும். இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள பலகைகள் கணப்பொழுதில் புகைந்துவிடும். விளக்குகள் சில மங்கி, சில மிகுந்து ஒளிவிட்டால் அதுவே அறிகுறி. அப்போது ஆராய்ந்துகொண்டிராமல் பிரதான சுவிட்சை நிறுத்திவிட வேண்டும். நியூட்ரலில் தனியாகப் பியூஸ் வைப்பது கூடாது என்பதற்கும், அதைப் பூட்டும் திருகைப் பேஸ் திருகைக் காட்டிலும் அக்கறையாக இறுக்கவேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

கம்பிகளின் நிறத்திலும் ஒரு பொறி உண்டு. நம் நாட்டு அரங்குகளில் பெருவாரியாகக் காண்பது, பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. வெளிநாட்டிலிருந்து வரும் கருவியின் கேபிளிலோ நீலம்தான் நியூட்ரல்; பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆகியவை பேஸ். பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு எர்த்து. நீலத்தை நீலத்தோடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்துவிட்டு, நிறம் பொருந்திவிட்டது என்று மகிழ்பவர் பேஸை நியூட்ரலாகவும் நியூட்ரலைப் பேஸாகவும் பூட்டியிருப்பார். நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்து அளந்த பின்னரே பூட்டவேண்டும்.

பெரிய கருவிகளில் மின்சாரம் இரண்டு வழியாக உள்ளே செல்வது வழக்கம். விளக்குக்கு நேர் மின்சாரம். மின்னணுப் பகுதிக்கு யு.பி.எஸ். வழியாக வரும் மின்சாரம். திடீரென்று மின்தடை ஏற்பட்டால் விளக்கு அணையும், மற்றவை விழித்திருக்கும். ஏற்பாடு நல்லதே. ஆனால் பழுதுபார்க்க மூடியைத் திறப்பவர், சுவரிலுள்ள பெரிய சுவிட்சை நிறுத்திவிட்டு எல்லாம் உயிரற்றுப் போயிற்று என்று கைவைத்தால், யு.பி.எஸ். வழியே 230 வோல்ட்டு உள்ளே காத்திருக்கும். இரண்டையும் நிறுத்தி, சாவி போட்டுப் பூட்டி, சாவியைத் தம் பையில் வைத்துக்கொண்டே திறக்கவேண்டும். செனான் விளக்கைப் பற்றியும் ஒரு சொல். அது குளிர்ந்திருக்கும்போதே உள்ளே அழுத்தம் மிக்க வாயு அடைந்தது. சூடேறினால் அழுத்தம் இன்னும் கூடும். அதை மாற்றுவது முகக்கவசம் அணிந்த பயிற்சியாளரின் வேலை. சங்கத்தின் ஆர்வமிக்க இளைஞர் வேலை அன்று.

ஜெனரேட்டர் உள்ள அரங்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். வெளி மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒரே சமயத்தில் சேர இடந்தராத மாற்றுச் சுவிட்சு இருந்தே ஆகவேண்டும். அது பேஸ்களோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு முனைச் சுவிட்சாக இருத்தல் நலம். சிலர் இருபுறமும் பிளக் பொருத்திய ஒரு கம்பியால் ஜெனரேட்டரைச் சுவர்ப் பாயிண்டில் செருகி அரங்கு முழுவதையும் ஓட்டிவிடுகின்றனர். தெருக் கம்பத்தில் ஏறி, மின்சாரம் இல்லையென்று நம்பி வேலை செய்துகொண்டிருக்கும் மின்வாரியத் தொழிலாளியை அந்தக் கம்பி கொன்றுவிடக்கூடும். அவருக்கும் நமக்கும் முகம் தெரியாது.

இத்தனையையும் செய்யத் தக்கவர் யார்? மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரும், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளருமே புதிய மின்னமைப்பு வேலையைச் செய்யலாம் என்பது விதி. மத்திய மின்சார ஆணையம் 2023இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இத்துறையில் இன்று நடப்பிலுள்ளவை. பொதுமக்களுக்குப் படம் காட்டும் இடத்துக்கான உரிமமோ மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஊருக்கு ஊர் நடைமுறை வேறுபடும். சங்கத்தில் நமக்குத் தெரிந்த தமிழர் ஒருவர் இருப்பார், கைராசிக்காரர், ஊரிலே இருபது வீட்டுக்கு வயரிங் செய்தவர். அவரை விட்டுவிட்டு மொழி புரியாத உள்ளூர் ஒப்பந்தக்காரரை அழைக்கச் சங்கத்தார் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த நண்பர் உடனிருந்து மொழிபெயர்க்கட்டும். கையெழுத்து உரிமம் பெற்றவருடையதாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் அவரிடம் மூன்று அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: எர்த்தின் தடை எத்தனை ஓம், கம்பிகளின் காப்புத் தடை எவ்வளவு, சோதனைப் பொத்தானை அழுத்தியபோது ஆர்.சி.சி.பி. விழுந்ததா என்பது. எழுதித் தர மறுப்பவருக்குக் கூலியின் கடைசிப் பகுதியை நிறுத்தி வைப்பதில் தவறில்லை.

இன்னுமொரு சிறு வேலை மிஞ்சுகிறது. விழா நாளில் செயலாளர் மேடையில் இருப்பார். கருவியை ஓட்டுபவர் இருட்டில் இருப்பார். மின்பலகையின் அருகில் நிற்பவர் பெரும்பாலும் அரங்கின் காவலாளியே. அவர் தமிழர் அல்லர். ஆகவே பிரதான சுவிட்சு எது, யு.பி.எஸ். சுவிட்சு எது, ஜெனரேட்டர் சுவிட்சு எது, எதை முதலில் நிறுத்தவேண்டும் என்பதைத் தமிழில் மட்டும் எழுதி ஒட்டினால் போதாது. அந்த மாநிலத்து மொழியில், பெரிய எழுத்தில், அவர் படித்துக்காட்டும்படி எழுதி ஒட்டவேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவராயின் சுவிட்சுகளுக்கு நிறம் பூசி, ஒருமுறை அவரையே நிறுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கதவுகளைத் திறந்து மக்களை உள்ளே விடலாம்.